கடனைச் சொன்ன வீடும் சொல்லாத வீடும்

கல்யாணத்தோடு ‘சுபம்’ போட்டு முடிகிற கதைகள் ஏராளம். ஆனால், ‘மிடில்மார்ச்’ நாவலில் சிக்கலே கல்யாணத்துக்குப் பிறகுதான் ஆரம்பிக்கிறது. 1871 டிசம்பர் முதல் 1872 டிசம்பர் வரை எட்டுப் பகுதிகளாக வெளிவந்த இந்த ஆங்கில நாவலை எழுதியவர் ஜார்ஜ் எலியட். ஆண் பெயரில் எழுதிய பெண் அவர். இயற்பெயர் மேரி ஆன் எவன்ஸ்.

1829-32 காலத்து இங்கிலாந்தில் ஒரு சிற்றூர். அங்கே பல குடும்பங்கள். அதில் இரண்டு வீடுகளைக் கடன் எட்டிப் பார்க்கிறது.

முதல் வீடு டாக்டர் லிட்கேட்டுடையது. பாரிஸ் வரை போய்ப் படித்தவர். மருத்துவத்தில் புதிதாக எதையாவது கண்டுபிடிக்க வேண்டும் என்ற வெறி கொண்டவர். ஊர் மேயரின் அழகு மகள் ரோஸமண்டைக் காதலித்து மணக்கிறார். அழகான மனைவிக்கு அழகான வீடு வேண்டாமா? நல்ல வீடு, உயர்ந்த மேஜை நாற்காலிகள், விலையுயர்ந்த சாப்பாட்டுத் தட்டுகள், குதிரைகள் என எல்லாம் வந்து இறங்குகின்றன. விலை கேட்டு வாங்குவதே மட்டமான பழக்கம் என்று வளர்ந்தவர் அவர்.

ஒரு வருடத்தில் கணக்கு பல்லிளிக்கிறது. வீட்டுச் செலவு ஏறக்குறைய 1,000 பவுண்ட். 800 வரும் என்று நம்பிய தொழிலில் வந்தது 500 கூட இல்லை. அதிலும் பெரும்பகுதி, நோயாளிகள் இன்னும் கொடுக்காத பாக்கி. வீட்டுப் பொருட்களை அடமானம் எழுதிக் கொடுக்க வேண்டிய நாள் வரும்போதுதான் மனைவியிடம் விஷயத்தைச் சொல்கிறார்.

ரோஸமண்டுக்கு அது இடி. ‘இதற்கு நான் என்ன செய்ய முடியும்?’ என்பதுதான் அவள் பதில். சிறிய வீட்டுக்குப் போய்விடலாம் என்று அவர் ஏற்பாடு செய்தால், அவருக்குத் தெரியாமல் ஏலக்காரரிடம் போய் அதை நிறுத்திவிடுகிறாள். கணவரின் பணக்காரப் பெரியப்பாவுக்கு ரகசியமாகக் கடிதம் எழுதிப் பணம் கேட்கிறாள். பதில் கடிதம் அவளுக்கு வரவில்லை, லிட்கேட்டுக்கு வருகிறது. மனைவியை விட்டுக் கடிதம் எழுத வைத்தாயா என்ற திட்டோடு!

ரோஸமண்டை வில்லி என்று ஒதுக்கிவிடுவது சுலபம். ஆனால், அந்தக் காலத்து இங்கிலாந்தில் மனைவியின் பணமும் பொருளும் சட்டப்படி கணவனுடையவை. மணமான பெண் தன் சம்பாத்தியத்தைத் தானே வைத்துக்கொள்ளலாம் என்ற சட்டமே 1870-ல்தான் வந்தது. வீட்டுக் கணக்கு நன்றாக இருந்தவரை லிட்கேட்டும் அவளை அதன் பக்கம் வரவிட்டதில்லை. வீட்டுக்கு அலங்காரமாக இருந்தால் போதும் என்று நினைத்த பெண்ணிடம், வீடு மூழ்கும்போது மட்டும் தோள் கொடு என்றார். முன்வாசல் அவளுக்குத் திறந்ததே இல்லை. அவள் கொல்லைப்புற வழியாகக் காரியம் பார்த்தாள்.

இரண்டாவது வீடு கேலப் கார்த்துடையது. நிலபுலன்களை நிர்வகித்துக் கொடுப்பவர். அவர் மனைவி சூசன், சமையலறையில் மாவு பிசைந்துகொண்டே பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துகிற பெண்மணி. ரோஸமண்டின் அண்ணன் ஃப்ரெட் வாங்கிய 160 பவுண்ட் கடனுக்கு, மனைவிக்குச் சொல்லாமல் ஜாமீன் கையெழுத்துப் போட்டுவிடுகிறார் கேலப். ஆக, இந்த வீட்டிலும் மறைப்புதான்!

ஃப்ரெட் 50 பவுண்டோடு வந்து தலைகுனிந்து நிற்கிறான். மீதி 110. மகன் ஆல்ஃப்ரெடைத் தொழில் பழக அனுப்ப சூசன் சிறுகச் சிறுகச் சேர்த்து வைத்திருந்த 92 பவுண்ட் அப்போதே கைமாறுகிறது. ஃப்ரெட் போன பிறகு, நான் முட்டாள்தனம் செய்துவிட்டேன் என்கிறார் கேலப். ஆமாம் என்று சிரித்துக்கொண்டே ஒப்புக்கொள்ளும் சூசன், இதையெல்லாம் என்னிடம் ஏன் மறைக்க வேண்டும் என்று மட்டும் கேட்கிறாள். அழுகை இல்லை, குத்திக்காட்டல் இல்லை. குறைகிற 18 பவுண்டுக்கு, வேறு வீட்டில் வேலை பார்க்கும் மகள் மேரியைத் தேடிப் போகிறார் அப்பா.

இரு வீட்டின் முடிவையும் பாருங்கள். லிட்கேட்டுக்குக் கடைசியில் ஒருவர் 1,000 பவுண்ட் கொடுக்கிறார். கடன் தீர்கிறது; ஆனால், அந்தப் பணம் வந்த நேரமும் வந்த கையும் அவர் பெயரைக் கெடுக்கின்றன. ஆராய்ச்சிக் கனவை விட்டு, பணக்கார நோயாளிகளுக்கு வைத்தியம் பார்த்து, நல்ல வருமானத்தோடு, தோற்றுவிட்டோம் என்ற நினைப்போடு 50 வயதில் இறந்துபோகிறார்.

கார்த் வீட்டில் சேமிப்பு மொத்தமும் போனது. ஆனால், கணவன்-மனைவிக்கு நடுவே எதுவும் போகவில்லை.

அப்பா போய்க் கேட்டது 18 பவுண்ட். மேரியிடம் இருந்தது 24. அப்பா எப்படியும் வருவார் என்று யூகித்து, முழுவதையும் பையில் போட்டுத் தயாராக வைத்திருந்தாள் அவள்.