மொட்டைமாடி ரெஸ்ட்லிங்

அசோக் பில்லரில் பஸ்ஸை விட்டு இறங்கி உள்ளே நடந்து பழகியவர்களுக்குத் தெரியும், அந்த நாளைய அசோக் நகர் தரையில் பாதி, மொட்டைமாடியில் பாதி. கீழே வேப்பமரமும் தூங்குமூஞ்சி மரமும், சுண்ணாம்பு உதிர்ந்த ஹவுசிங் போர்டு சுவர்களும், இஸ்திரி வண்டியின் கரி வாசனையும். மேலே வடாம், ஊறுகாய் ஜாடி, படிக்கப் போகிறேன் என்று பாயோடு ஏறிய பப்ளிக் பரீட்சைப் பையன்கள், அப்புறம் கேபிள். ஒரு பிளாக்கின் தண்ணீர்த் தொட்டியிலிருந்து கறுப்பு ஒயர் கிளம்பும். வேப்பங்கிளையில் ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டு எதிர்ச்சாரி மாடிக்குத் தாவும். நடுவில் தகரப் பெட்டிக்குள் ஆம்ப்ளிஃபயர் முனகிக்கொண்டிருக்கும். ஐப்பசி மழைக்கு அதற்குப் பாலித்தீன் பை கட்டுவார்கள். பையை மீறித் தண்ணீர் இறங்கிய அன்று தெருவே சேர்ந்து கேபிள்காரரைத் திட்டும்.

கேபிள் அண்ணனுக்கு ஒரு டிவிஎஸ் ஃபிஃப்டி. தோளில் ஒயர் சுருள், சட்டைப் பையில் கட்டிங் பிளேயர். வண்டிச் சத்தம் கேட்டால், மாசம் பிறந்த வாரமாக இருந்தால் "அப்புறம் வாப்பா" சொல்லப் பெரியவர்கள் வெளியே வருவார்கள். மற்ற நாட்களில் நாங்கள். "அண்ணே, ஸ்டார் ஸ்போர்ட்ஸ் இழுக்குதுண்ணே." அவர் ஏணி இல்லாமலே பாராப்பெட்டில் ஏறி, ஒயரைப் பல்லால் கடித்து உரித்து, நடுக்கம்பியை நீட்டிவிட்டு, பின்னைத் திருகிக்கொண்டே மேலிருந்து கத்துவார், "இப்ப வருதா?" மாடிப்படியில் ஒருவன், வாசலில் ஒருவன், டிவி முன்னால் ஒருவன். பதில் கைமாறிக் கைமாறி மேலே போகும். "வர்லண்ணே… புள்ளியா வருதுண்ணே… சவுண்டு மட்டும் வருதுண்ணே… வந்துருச்சு, வந்துருச்சு, கைய எடுக்காதீங்க!"

எங்கள் பிளாக்கில் டயனோராவும் சாலிடேரும்தான் அதிகம். இரண்டும் மெட்ராஸ் சரக்கு. பழைய பெட்டிகளுக்குச் சில பொத்தான்கள்தான். ஒவ்வொன்றுக்கும் ஒரு குட்டிச் சக்கரம், மூடியைத் திறந்து நகத்தால் திருக வேண்டும். தூர்தர்ஷனும் சன் டிவியும் இருந்த பொத்தான்களில் கை வைக்க வீட்டில் யாருக்கும் உரிமை கிடையாது. கடைசிப் பொத்தான் பிள்ளைகளுக்கு. அதில்தான் டபிள்யூ டபிள்யூ எஃப் வந்தது. ரெஸ்ட்லிங் என்று 'ட்'டை அழுத்திச் சொல்வோம். ஹல்க் ஹோகன் பனியனைக் கிழிப்பார், பிரெட் ஹார்ட் முன்வரிசைப் பையனுக்குத் தன் கண்ணாடியைக் கழற்றி மாட்டிவிடுவார், ரேசர் ரமோன் பல்குச்சியைச் சுண்டி எறிவார். அண்டர்டேக்கர் வரும்போது மட்டும் மணி அடிக்கும், விளக்கு அணையும். எங்கள் தெருவிலும் அடிக்கடி அதே நேரம் பார்த்துக் கரண்ட் போகும். அதை மின்சார வாரியத்தின் வேலை என்று நம்ப எங்களில் சிலருக்கு வெகுநாள் மனசு வரவில்லை.

டிவியில் பார்த்ததைவிடக் காதில் கேட்டதுதான் அதிகம் என்று இப்போது தோன்றுகிறது. பெரிய போட்டிகள் இங்கே எப்போது காட்டப்படும் என்று எவனுக்கும் தெரியாது. சொந்தக்காரர் அமெரிக்காவில் இருக்கும் ஒரு பையன் சொல்வான். அந்தச் சேதி பதினோராவது அவென்யூவிலிருந்து எங்கள் தெருவுக்கு வருவதற்குள் இரண்டு சுற்றுப் பெருத்திருக்கும். 1994 ராயல் ரம்பிளில் யோகோசூனாவோடு சேர்ந்து ஒரு கூட்டமே அண்டர்டேக்கரைச் சவப்பெட்டியில் அடைத்து மூடியது. அவர் ஆவி மேலே போவதைத் திரையில் காட்டினார்களாம். முதுகுக் காயத்துக்கு லீவு வேண்டும், அதற்கான ஏற்பாடு அது என்று யாருக்குத் தெரியும்? அந்த ஆகஸ்டில் சம்மர்ஸ்லாமில் இரண்டு அண்டர்டேக்கர்கள் எதிரெதிரே நின்றார்கள். அவ்வளவுதான், அவருக்கு ஏழு உயிர் என்று அசோக் நகர் முழுக்கத் தீர்மானமாகிவிட்டது. போலி அண்டர்டேக்கராக வந்த பிரையன் லீதான் 1996-இல் அக்‌ஷய் குமாரின் 'கிலாடியோன் கா கிலாடி' இந்திப் படத்திலும் அண்டர்டேக்கராக வந்தார். உயிர்க் கணக்கு அதோடு இன்னும் குழம்பிப்போனது.

டிவி இல்லாத நேரத்துக்கு டிரம்ப் கார்டு இருந்தது. ஸ்கூல் வாசல் பெட்டிக்கடையில் தேன்மிட்டாய் ஜாடிக்குப் பக்கத்தில் நூலில் தொங்கும். உயரம், எடை, நெஞ்சளவு, பைசெப்ஸ், ரேங்க். "உயரம்" என்று கேட்டால் ஜெயண்ட் கொன்சாலஸ் வைத்திருப்பவன் சத்தமில்லாமல் சிரிப்பான். "எடை" என்றால் யோகோசூனா. கணக்கில் முப்பத்தைந்து தாண்டாதவனுக்கும் எந்த கார்டில் எந்த எண் என்பது மனப்பாடம். மே மாதத்தில் மாடி சுடாத நேரம் பார்த்து, பழைய பாயை நாலு மூலையில் செங்கல் வைத்து விரித்து, கொடிக்கயிற்றை ரிங்காக்கி நாங்களே இறங்குவோம். கீழ்வீட்டு மாமி, "டேய், சீலிங் காரை என் சாம்பார்ல விழறதுடா!" என்று கத்துகிற வரைக்கும் ஆட்டம். புதூரிலிருந்து வரும் ஒரு பையனுக்கு யோகோசூனா என்றே பெயர். அவன் அப்பாவும் அப்படித்தான் கூப்பிட்டார்.

எதிர்வீட்டுத் தாத்தா ரிட்டயரான குமாஸ்தா. எங்கள் ரெஸ்ட்லிங் அவருக்கு ஒரு பொருட்டே இல்லை. "கிங்காங் வந்தான் பாரு மெட்ராஸுக்கு, தாராசிங்கோட மோதினான், அது குஸ்தி! இவனுங்க பேசறதுலயே பாதி நேரம் போயிடறது" என்பார். சொல்லிவிட்டு நாற்காலியை டிவி பக்கம் இழுத்துப் போட்டுக்கொள்வார். ரெஃப்ரி பார்க்காதபோது ஒருவன் நாற்காலியால் அடித்தால் முதலில் கொதிப்பவர் அவர்தான். "அம்பயர் கண்ணு அவிஞ்சுபோச்சா?" ரெஃப்ரி என்று அவர் கடைசிவரை சொல்லவில்லை.

எல்லாம் செட்டப்பா, நிஜமா? அசோக் நகரில் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத் தகுதியுள்ள ஒருவர் இருந்தார். வடபழனி பக்கத்தில் இருப்பதால் ஸ்டூடியோக்காரர்கள் எங்கள் பேட்டையில் சகஜம். புதூர் தாண்டி ஒரு சின்ன வீட்டில் ஃபைட்டர் அண்ணன் இருந்தார். ஸ்டண்ட் யூனியன் கார்டு வைத்திருந்தவர். ஹீரோவிடம் அடிவாங்கிப் பறக்கும் கூட்டத்தில் இடதுகோடியில் அவரைத் தேடிக் கண்டுபிடிப்போம். ஷூட்டிங் இல்லாத நாளில், எங்கள் கூட்டம் எந்த வீட்டில் ரெஸ்ட்லிங் பார்க்கிறதோ அங்கே வாசற்படியில் வந்து உட்காருவார். உள்ளே கூப்பிட்டால் வரமாட்டார்.

அவர் பார்ப்பது வேறு படம். நாங்கள் அடிப்பவனைப் பார்ப்போம், அவர் விழுகிறவனைப் பார்ப்பார். "கைய அகட்டித் தரையில எப்படி அறையறான் பாரு. முதுகு மொத்தமும் ஒரே நேரத்துல படணும். தாடைய நெஞ்சோட ஒட்டிக்கலன்னா பின்மண்டை காலி." குத்து விடும்போது அடிக்கிறவனின் கால் தரையை உதைப்பதைக் காட்டிக்கொடுத்தவர் அவர்தான். "சத்தம் அங்கேருந்து வருதுடா, மூஞ்சிலேருந்து இல்ல." அதைப் பார்த்தபிறகு எங்களுக்கு ரெஸ்ட்லிங் கசந்திருக்க வேண்டும். கசக்கவில்லை, காலையும் சேர்த்துப் பார்க்க ஆரம்பித்தோம். செட்டப்பா அண்ணே என்று கேட்டால், "அடிக்கிறது செட்டப்பு, விழறது நெசம்" என்று பேண்ட்டை முழங்கால்வரை ஏற்றித் தையல்களைக் காட்டுவார். தையலைத் தொட்டுப் பார்க்க வரிசை நிற்போம்.

1999 மே 23 அன்று கான்சாஸ் சிட்டியில் ஓவன் ஹார்ட் செத்துப்போனார். கூரையிலிருந்து கயிற்றில் இறங்கி வருவதாக ஏற்பாடு. பட்டென்று விடுபடும்படி வைத்திருந்த கொக்கி மேலேயே கழன்றுவிட்டது. சுமார் 78 அடி. வயசு 34. அவர் விழுந்ததை டிவியில் காட்டவில்லை, மிச்ச ஆட்டங்களை நடத்தி முடித்தார்கள். எங்களுக்கு அது சேதியாக வந்து சேர்ந்தபோது, இதுவும் கதைதான், அடுத்த மாசம் எழுந்து வருவான் என்று பந்தயம் கட்டினோம். அண்டர்டேக்கர் பழக்கிவிட்ட பழக்கம். ஃபைட்டர் அண்ணன் மட்டும் ஒன்றே ஒன்று கேட்டார். "ரோப்பு போட்டது யாருடா?" யார் பெயரும் எங்களுக்குத் தெரியாது. அதற்கப்புறம் கொஞ்ச நாள் அவர் வாசற்படிக்கு வரவில்லை.

2002-இல் இரண்டு மாறுதல்கள். அதே டபிள்யூ டபிள்யூ எஃப் எழுத்துகளை வைத்திருந்த, பாண்டாச் சின்னக்கார வனவிலங்கு நிதியம் வழக்கு போட்டு ஜெயித்ததில் எஃப் போய் ஈ வந்தது. பாண்டாக் கரடியிடம் ஹல்க் ஹோகன் தோற்றார் என்று தாத்தா குதூகலித்தார். டென் ஸ்போர்ட்ஸ் பிறந்தது, ரெஸ்ட்லிங் அங்கே குடிபோனது. ராக், டிரிபிள் எச், ரே மிஸ்டீரியோ என்று எங்கள் தம்பிகளின் காலம் தொடங்கியது.

அடுத்த வருஷமே அடி விழுந்தது. பழைய சென்னைக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 2003 செப்டம்பர் 1, 'காஸ்' என்று ஒரு சட்டம். காசு கட்டும் சேனல்கள் வேண்டுமானால் செட்டாப் பாக்ஸ் வாங்க வேண்டும். டெல்லியும் மும்பையும் கல்கத்தாவும் தப்பித்துக்கொள்ள, அன்றைக்கு அதில் மாட்டியது சென்னை மட்டும்தான். முந்தின நாள் ராத்திரிவரை வந்த டென் ஸ்போர்ட்ஸ், ஈஎஸ்பிஎன் எல்லாம் காலையில் வெறும் பொரி. பெரியவர்களுக்கு ஒரு நஷ்டமும் இல்லை. சன் டிவி காசில்லாமல் வந்துகொண்டிருந்தது, சீரியல் நிற்கவில்லை. சில ஆயிரம் கொடுத்து, மனுஷன் மனுஷனை நாற்காலியால் அடிப்பதைப் பார்ப்பதற்குப் பாக்ஸ் வாங்க எந்த அப்பா சம்மதிப்பார்? கேபிள் அண்ணனைக் கெஞ்சினோம். "எங்கையில ஒண்ணும் இல்லப்பா" என்றார். அதற்குமுன் அவர் கையில் எல்லாமே இருந்தது.

அப்புறம் பர்மா பஜாரிலிருந்து வீசிடி வந்தது. ஒரு தட்டு நாலு வீடு சுற்றி, கீறல் விழுந்து, முக்கியமான இடத்தில் நின்று நின்று ஓடும். டிடிஎச் குடை வந்த பிறகு ரெஸ்ட்லிங் திரும்பி வந்தது; ஆனால் குடை ஒவ்வொரு பால்கனிக்கும் தனித்தனி. 2006-இல் பஞ்சாப் போலீஸ்காரர் தலீப் சிங் ராணா, கிரேட் காளி என்ற பெயரில் போய் அண்டர்டேக்கரையே மல்லாத்தினார். அடுத்த ஜூலையில் உலக சாம்பியன். நாங்கள் அப்போது வேலைக்குப் போய்விட்டோம். தொண்ணூறுகளில் நடந்திருந்தால் பில்லர் சிங்கத்துக்கே மாலை போட்டிருப்போம். 2021-இல் சோனி டென் 4 வந்து தமிழிலேயே கமெண்டரி சொன்னது. கேட்க நன்றாகத்தான் இருந்தது, கூட உட்கார்ந்து திட்டத்தான் தாத்தா இல்லை.

1993 முதல் டிவியிலேயே ஓடிய 'ரா' 2025 ஜனவரி 6 அன்று நெட்ஃப்ளிக்ஸுக்குப் போனது. பத்து வருஷம், ஐந்நூறு கோடி டாலருக்கு மேல் ஒப்பந்தம். அன்றைய மேடையில் ஹோகன் வந்து நின்றபோது கூட்டம் கூச்சல் போட்டு விரட்டாத குறை. ஜூலையில் அவர் இறந்துபோனார். நம்மூரில் சோனியோடு கணக்கு அதே வருஷம் மார்ச் 31-இல் முடிய, ஏப்ரல் 1 முதல் ரெஸ்ட்லிங் நெட்ஃப்ளிக்ஸில் மட்டும். ஃபோனில் பார்க்க மாசம் 149 ரூபாய். எல்லாப் பழைய ஆட்டமும் தேடினால் கிடைக்கும் போலிருக்கிறது. நானும் தேடினேன். சவப்பெட்டி ஆட்டத்தை மெட்ரோ ரயிலில், காதில் செருகிக்கொண்டு, அசோக் நகர் ஸ்டேஷன் வருவதற்குள் பார்த்து முடித்தேன். பக்கத்தில் இருந்தவர் எட்டிப் பார்க்கக்கூட இல்லை.

ஸ்டேஷனில் இறங்கிப் பார்த்தால் பில்லர் குட்டையாகிவிட்டது, பாலம் அதைத் தாண்டி ஓடுகிறது. உதயம் தியேட்டர் காம்ப்ளெக்ஸை மூடி இடித்துவிட்டார்கள். எங்கள் பிளாக் இருந்த இடத்தில் லிஃப்ட் வைத்த கட்டிடம். மாடிக்குப் பூட்டு, சாவி செக்யூரிட்டியிடம். டிரம்ப் கார்டுகள் 2015 வெள்ளத்தில் ஷூ டப்பாவோடு ஊறிக் கூழாகிப்போயின. கேபிள் அண்ணன் லைனை விற்றுவிட்டு ஊர்ப்பக்கம் போனதாகச் சொன்னார்கள்.

ஃபைட்டர் அண்ணனைப் பற்றி மட்டும் தகவல் இல்லை. புதூர்ப் பக்கம் அந்தச் சந்தே மாறிவிட்டது. பழைய அசோக் நகர்க்காரர்கள் யாருக்காவது அவர் இருக்குமிடம் தெரிந்தால் சொல்லுங்கள். 'ரா' இப்போது நம்மூர் நேரத்துக்குச் செவ்வாய்க்கிழமை விடியற்காலையில் நேரடியாக வருகிறது. ஃபோனை எடுத்துக்கொண்டு நானே போகிறேன்.