ஸ்கேன் ரூம் கீழே, டாக்டர் மாடியில்

பாலக்கரை ரவுண்டானாவுக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு சின்ன ஸ்கேன் சென்டர். புது சுவிட்ச் மாட்டிய மறுநாள், கீழே எடுத்த படம் மாடியில் டாக்டரின் கம்ப்யூட்டருக்குப் போகவில்லை. ரிசப்ஷன் பையன் பென் டிரைவோடு படியேறி இறங்கிக்கொண்டிருந்தான். பெஞ்சில் ஒரு நிறைமாத கர்ப்பிணி காத்திருந்தார்.

சரிசெய்ய வந்தவர் நாற்பது வயதுப் பெண்மணி.

"எல்லா ஒயரும் ஒரே பெட்டியிலதானேக்கா போகுது? அப்புறம் என்ன?" என்றான் பையன். நியாயமான கேள்விதான்.

"பெட்டி ஒண்ணுதான் தம்பி. உள்ளே மூணு வீடா தடுத்திருக்கு. ஸ்கேன் மெஷின் ஒண்ணு, ஆபீஸ் ஒண்ணு, வர்றவங்களுக்கு வைஃபை ஒண்ணு."

இந்தத் தடுப்புக்குப் பெயர் வி-லேன். 1998-ல் ஒப்புதல் பெற்ற 802.1க்யூ என்ற தர விதிப்படி 4,094 வரை பிரிக்கலாம். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தகவல் போக, நடுவில் வழிகாட்டி வேண்டும். முன்பெல்லாம் அதற்குத் தனியாக ரவுட்டர் வைப்பார்கள். இப்போது 'லேயர் 3' சுவிட்சே அதையும் செய்கிறது. ஒவ்வொரு வி-லேனுக்கும் சுவிட்சில் ஒரு முகவரி, உதாரணமாக 192.168.10.1, 192.168.20.1 என்று கொடுக்க வேண்டும். அதுதான் அந்த வீட்டுக் கம்ப்யூட்டர்களுக்கு வாசல், அதாவது கேட்வே.

முகவரிகள் சரியாகவே இருந்தன. ஆனால் பல மாடல்களில் ரவுட்டிங் அணைத்தே வரும். 'ஐபி ரவுட்டிங்' என்று ஒரே ஒரு வரி அடித்தார். அப்படியும் படம் போகவில்லை. மாடிக்குப் போய்ப் பார்த்தால், டாக்டரின் கம்ப்யூட்டரில் கேட்வே மட்டும் பழைய எண்ணிலேயே இருந்தது. மாற்றினார். கர்ப்பிணியின் பெயரைக் கூப்பிட்டார்கள்.

பலர் இந்த இடத்தில் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். இவர் கிளம்பவில்லை. ரவுட்டிங்கைத் திறந்ததும் எல்லா வீட்டுக்கும் வழி திறந்துவிடுகிறதே! பெஞ்சில் வைஃபை போட்டு உட்கார்ந்திருப்பவரின் செல்போன்கூட இனி ஸ்கேன் மெஷினைத் தொடலாம். யாருடைய வயிற்றுப் படமோ, யாருடைய பெயரோ அதில் இருக்கிறது.

அக்சஸ் லிஸ்ட் எழுதினார்: வைஃபைக்காரர்கள் இன்டர்நெட்டுக்குப் போகலாம், மற்ற இரண்டு வீட்டுக்குள் நுழையக் கூடாது. தன் செல்போனிலிருந்தே ஸ்கேன் மெஷினுக்குப் 'பிங்' கொடுத்துப் பார்த்தார். பதில் இல்லை.

"பதில் வரலைன்னு சந்தோஷப்படுறது நாங்க மட்டும்தான் தம்பி!"

செய்த மாற்றங்களை சேமித்தார். இல்லாவிட்டால் கரண்ட் போய் வந்ததும் எல்லாம் மறந்துபோகும். மதியம் கடைசி நோயாளியும் போன பிறகு, சுவிட்சை ஒருமுறை அணைத்துப் போட்டார். மாடியில் படம் மறுபடி திறக்கும்வரை பையன் பென் டிரைவைக் கையிலேயே வைத்திருந்தான்.