எண்கள் மறைந்த கண்ணாடி



பியர்பொன்ட்ஸில் வாழும் நம் அன்பர் ஒருவர், மறைந்த தம் தமையனாரின் 1985ஆம் ஆண்டுக் கொர்வெட் காரைப் பேணி வருகிறார். 1984 முதல் 1989 வரை வந்த கொர்வெட்டுகளில் வேகம் காட்டும் முள் கிடையாது. திரவப்படிகத் திரையில் ஒளிரும் எண்கள் உண்டு. வெயிலாலும் விளக்கின் சூட்டாலும் அவை மங்கி, பகலில் வேகமே தெரியாமற்போயிற்று. கருவி முழுவதையும் மாற்றிவிடச் சொன்னார்கள். அண்ணன் பார்த்து ஓட்டிய கண்ணாடி என்று அவர் இசையவில்லை.

நீங்களும் இத்தகைய கார் வைத்திருந்தால், போலரைஸ்டு வகைக் கறுப்புக் கண்ணாடியைத் திரையின் முன் பிடித்து மெல்லச் சுழற்றிப் பாருங்கள். எண்கள் தெளிந்தால் திரைக்குப் பழுதில்லை. ஒளியை ஒரே தளத்தில் கடத்தும் முன்படலமே கெட்டிருக்கிறது. பின்னாலும் ஒரு படலம் உண்டு. விளக்கை ஒட்டியிருப்பதால் அதுவும் கருகியிருக்கலாம். அப்போது இச்சோதனை உதவாது.

படலத்தை உரிப்பதுதான் நெஞ்சைப் பதறவைக்கும் வேலை. ஓரத்தில் விரிசல் விழுந்தால் உள்ளிருக்கும் திரவப்படிகம் பாழாகும். அவர் விரல்நுனியளவாக உரித்தார்; எஞ்சிய பசையை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்தார். விளக்குப் பிடித்தவன் அடியேன். புதிய படலத்தை வைத்ததும் பின்புலம் ஒளிர்ந்து எண்கள் இருண்டன. தொண்ணூறு பாகை திருப்பினோம், எண்கள் ஒளிர்ந்தன.

கியூபெக் சட்டப்படி மார்ச் 15 வரை குளிர்கால டயர் வேண்டும். இக்காருக்கு அது இல்லை. ஆகவே வண்டி இன்னும் கராஜிலேயே நிற்கிறது. மாலைதோறும் சாவியைத் திருப்பி, எண்களை மட்டும் பார்த்துவிட்டு வருகிறார்.