ஓர் அனுதிருதம்

சங்கீதம் பயில்வோர் முதற்கண் அப்பியசிப்பன சரளி வரிசை, ஜண்டை வரிசை, அலங்காரம் என்பன. மாயாமாளவகௌளை இராகத்தில் இவற்றை வகுத்தவர் புரந்தரதாசர் என்பது மரபு. கிறிஸ்தவராகிய தஞ்சை ஆபிரகாம் பண்டிதர் சுருதிகளை ஆராய்ந்து 1917-இல் வெளியிட்ட 'கருணாமிர்த சாகரம்' கண்டு வியந்த யாம், சுருதி நுட்பம் பேசித் திரிந்தோமேயன்றி, வரிசைகளைச் சிறுவர் பாடமென இகழ்ந்தோம்.

எந்தையார் நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறையில் தொழில் புரிபவர். பட்டறையின் சுத்தியலோசை எழுமுன் சாதகம் செய்க என்றார் எம் ஆசிரியர். யாமோ போர்வையை நீக்கியெழுந்திலோம்.

சென்ற ஆண்டு அரசினரின் கீழ்நிலைச் சங்கீதத் தேர்விற்குச் சென்றோம். ஜம்பை தாள அலங்காரத்தை மூன்று காலத்திலும் பாடுமாறு தேர்வாளர் பணித்தார். இலகு ஏழு, அனுதிருதம் ஒன்று, திருதம் இரண்டு, ஆகப் பத்து அட்சரம். முதற்காலம் செவ்வனே முடிந்தது. இரண்டாங்காலத்தில் அவ்வோர் அனுதிருதத்தை விழுங்கினோம். சுரம் ஒருபுறமும் கை ஒருபுறமுமாயின. மூன்றாங்காலத்திற்கு நா எழவில்லை. தேர்விலும் தவறினோம்.

எந்தையார் சினந்திலர். "ஒரு ரிவிட்டு விட்டுப்போனால் பட்டறையில் தெரியாது, கண்ணு. பாரம் ஏற்றினால்தான் தெரியும்" என்றார்.

அச்சொல் எம் உள்ளத்தில் தைத்தது. நுட்பம் பேசிய நாவிற்கு ஒரு தட்டு எண்ணத் தெரியவில்லையே என நாணினோம். இப்பொழுது சுத்தியலுக்கு முன்னரே எம் குரல் எழுகின்றது. மறுதேர்வு எழுதவிருக்கின்றோம். தேறுவோமோ, அறியோம், அவ்வோர் அனுதிருதத்தை மட்டும் இனி விடோம்.