பெயரும் ஊரும்: கரையோரச் சிறுவணிகமும் மாகாணப் பதிவும்

பொருளை விற்பதற்குப் பெயர் இன்றியமையாதது அன்று. கற்பிட்டிக் கரையிலே விடியற்காலையில் மீன் கூறுபோட்டு விற்பவனுக்கு அவனுடைய குரலே விளம்பரமாகும், முகமே உத்தரவாதமாகும். வாங்குவோன் விற்போனைக் காணாத நிலை தோன்றும்பொழுதுதான் முகம் செய்த வேலையைப் பெயர் செய்யவேண்டியதாகிறது. இணையத்தின் வழி நிகழும் சிறுவணிகம் இத்தகையதே. புத்தளம் மாவட்டத்துக் கரையோரத்திலே ஓலைக் கொட்டிலில் உலர்ந்த கருவாடு, கொழும்பிலும் கண்டியிலும் உள்ள ஒருவரின் கைத்தொலைபேசித் திரையில் முதலிற் பெயராகவே தோன்றுகிறது. பின்னரே பொருளாக வந்து சேர்கிறது. அப்பெயர் யாருடையது, அது எவ்வூரைச் சார்ந்தது என்னும் வினாக்களை அரசு எழுப்புவது இயல்பே. இவ்வினாக்களுக்கு விடை கூறுதல் எத்துணைக் கடினமானது என்பதை என் உறவினர் ஒருவரின் முயற்சியினூடாக அறிய நேர்ந்தது.

இலங்கையில் வணிகப் பெயர்களைப் பதியும் வழக்கம் புதியதன்று. முதலாம் உலகப் போர்க் காலத்தில், 1916 இல், பிரித்தானியாவிலே இதற்கெனச் சட்டமொன்று ஆக்கப்பட்டது. ஆங்கிலப் பெயர்ப் பலகையின் பின்னே அந்நிய நாட்டவர் மறைந்திருக்கலாம் என்னும் ஐயம் அக்காலத்தில் வலுவாக நிலவியது. இலங்கையின் வணிகப் பெயர்கள் கட்டளைச் சட்டம் 1918 இல் வந்தது. ஒருவர் தம் சொந்த முழுப்பெயரிலே வணிகம் செய்வாராயின் அவர் பதியவேண்டியதில்லை. வேறொரு பெயரைச் சூட்டிக்கொள்வாராயின் அப்பெயருக்குப் பின்னாலுள்ள மனிதரைக் காட்டவேண்டும் என்பதே இதன் அடிப்படை. தொழிலின் தன்மை, பிரதான வணிக இடம், உரிமையாளரின் பெயர், முன்னைய பெயர் இருப்பின் அது, வதிவிடம், நாட்டினம் ஆகிய விபரங்கள் கேட்கப்பட்டன. பதியத் தவறியவர் தம் வணிகத்தில் எழும் ஒப்பந்த உரிமையை நீதிமன்றிலே நிலைநாட்டுவதிலும் இடர்ப்படுவார். பதிவு வெறும் தாளன்று என்பது இதனாற் புலனாகும்.

1987 இல் நிறைவேறிய பதின்மூன்றாவது அரசியலமைப்புத் திருத்தத்தின் பின்னர் மாகாண சபைகள் தோன்றின. வணிகப் பெயர்ப் பதிவும் மாகாணங்களின் பொறுப்பாயிற்று. இன்று தனிவணிகரும் பங்காளிகளும் பொதுவாகத் தம் பிரதேச செயலகத்தையே நாடுகின்றனர். கிராம அலுவலரின் உறுதிப்படுத்தல், காணி உறுதி அல்லது வாடகை ஒப்பந்தம், அடையாள அட்டை என்பன வேண்டப்படும். இவை யாவும் ஓர் இடத்தைச் சுட்டுவன. இடம் ஒன்றாயிருப்பவருக்கு இம்முறை எளிது. ஆனால் வாழ்வே ஈரிடத்தது ஆகியவர் என் செய்வர்?

நான் குறிப்பிடும் உறவினர் எனக்கு ராத்தா முறையானவர். மன்னார்த் தீவிலுள்ள எருக்கலம்பிட்டியிற் பிறந்தவர். பனையோலைப் பாய் இழைப்பதிற் பெயர்பெற்ற ஊர் அது. 1990 ஒக்டோபரில் வட மாகாணத்து முஸ்லிம்கள் தமிழீழ விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். அவர்தம் தொகை ஏறத்தாழ 75,000 எனப் பொதுவாக மதிப்பிடப்படும். மன்னார்த் தீவினின்றும் வள்ளங்களிலே கடல் கடந்து கற்பிட்டிக் கரையை அடைந்தோருள் ராத்தாவின் குடும்பமும் ஒன்று. அகதி முகாமின் கிடுகுக் குடிசையில் வளர்ந்து, அதே கரையில் மணமுடித்து, அங்கேயே மீனை வெட்டி உப்பிட்டு உலர்த்தும் தொழிலையும் கைக்கொண்டார். 2009 இல் போர் முடிந்தபின் அவருடைய தங்கை எருக்கலம்பிட்டிக்கு மீண்டார். அக்காள் இங்கே கருவாடு உலர்த்தவும், தங்கை அங்கே பாய் இழைக்கவும், இரண்டையும் ஒரே தொலைபேசி இலக்கத்தில் விற்கத் தொடங்கினர்.

வணிகம் சிறிதாக இருந்தவரை எவரும் பதிவைப் பற்றிக் கேட்கவில்லை. பொருளைக் கொடுத்துப் பணத்தை வாங்கிவரும் அஞ்சற்பொதிச் சேவையோடு ஒப்பந்தம் செய்ய முற்பட்டபோது வணிகப் பெயரில் வங்கிக் கணக்கு வேண்டப்பட்டது. வங்கியோ பதிவுச் சான்றிதழை வேண்டியது. விண்ணப்பத்தை நிரப்பும் பணி பல்கலைக்கழகத்திற் கற்றவன் என்னும் காரணத்தால் என்னிடம் வந்தது. பிரதான வணிக இடம் என்னும் கூட்டிற்கு எதிரே பேனை நின்றது. “பாய் மன்னாரில, கருவாடு இங்க, வாங்குற ஆக்கள் கொழும்பில. இதுல எந்த ஊரத் தம்பி எழுதுறது?” என்று ராத்தா கேட்டார். சட்ட நூல்களைக் கற்றோரும் சற்றுத் தயங்கக்கூடிய வினா அது.

விடையை நாடி நாங்கள் மேற்கொண்ட ஆராய்ச்சியின் சாரம் இது. பொருள் சென்றடையும் இடம் வணிக இடமாகாது. கொழும்பில் வாங்குவோர் ஆயிரவராயினும் அங்கே கடையோ களஞ்சியமோ இல்லாதவிடத்து மேல் மாகாணத்திற் பதியவேண்டிய தேவை எழாது. தொழில் நிகழும் இடம், கணக்குப் பேணப்படும் இடம், கடிதம் வந்து சேரும் இடம் ஆகியவையே கருதற்பாலன. ஆனால் எருக்கலம்பிட்டியில் தங்கை தனியிடம் அமைத்து அதே பெயரில் வணிகம் நடத்துவாராயின், அது வட மாகாணத்தின் ஆளுகைக்கு உட்பட்டதாகும். ஒரு மாகாணத்திற் பெற்ற பதிவு மற்றைய மாகாணத்தில் அப்பெயரைத் தனியுரிமை ஆக்குவதில்லை. நாடு முழுவதிலும் பெயரைக் காக்க விழைவோர் 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்கீழ் வியாபாரக் குறியாக அதனைப் பதியவேண்டும். பெயரைப் பதிதல் வேறு, பெயரைக் காத்தல் வேறு என்னும் இவ்வேறுபாட்டைச் சிறுவணிகருட் பலர் அறியார்.

தங்கையைப் பங்காளியாகக் கொள்ளாது, பாய் வழங்குபவராகக் கொள்வதென்றும், பதிவை வடமேல் மாகாணத்தில் மட்டும் செய்வதென்றும் முடிவாயிற்று. சட்டத்தின் கண்ணுக்கு இது நேரிய வழி. எனினும், “அப்ப அவ எனக்குச் சாமான் தாற ஆள் மட்டுந்தானா?” என்று ராத்தா கேட்டபோது, உடன்பிறப்பைப் பொருள் வழங்குநராக மாற்றிய என் பேனையின் வலிமையை நினைந்து நான் வாளாவிருந்தேன்.

இதனினும் பெரிய சிக்கல் பெயரில் இருந்தது. தம் வணிகப் பெயரில் எருக்கலம்பிட்டி என்னும் சொல் இடம்பெறவேண்டும் என்பதில் ராத்தா உறுதியாயிருந்தார். நாங்கள் சென்ற ஓர் அலுவலகத்திலே, அவ்வூர் இந்த மாகாணத்தில் இல்லையே, வேறு பெயர் வைத்தால் இலகுவாக இருக்கும் என்றனர். இந்த யோசனையிற் பகைமை இல்லை. ஆயினும் அதன் பொருள் கனமானது. முப்பது ஆண்டுகளுக்கு மேலாக அவருடைய முகவரியினின்றும் நீங்கிய ஊர், இப்பொழுது அவர் தாமே சூட்டும் பெயரினின்றும் நீங்கவேண்டுமா? பெயர் முகவரி அன்று. வடமேல் மாகாணத்துக் கடை தன் பலகையில் எந்த ஊரையும் நினைவுகூரலாம் என்று எழுத்திற் சமர்ப்பித்தோம். இருமுறை மீண்டும் சென்றபின் பெயர் ஏற்கப்பட்டது.

கம்பனியாகப் பதிந்திருந்தால் மாகாண எல்லை குறுக்கிட்டிராது. 2007 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டம் நாடளாவியது. ஒரே பங்குதாரரைக் கொண்டும் கம்பனி அமைக்கலாம். விண்ணப்பத்தை இணையத்தின் வழியே அனுப்பவும் வசதியுண்டு. ஆனால் செயலாளர், கணக்காய்வாளர், ஆண்டறிக்கை என்னும் சுமைகளை மாதத்துக்குச் சில பொதி கருவாடு விற்கும் பெண் தாங்குதல் அரிது. செல்வமுடையோருக்கு நாடு ஒன்றாயிருக்க, சிறியோருக்கு அது ஒன்பது மாகாணங்களாய்ப் பிரிந்திருப்பது சிந்திக்கற்பாலது.

பிற நாடுகளை நோக்குமிடத்து இச்சிக்கல் இன்னும் கடுமையாகத் தோன்றும். இந்தியாவில் 2017 இல் நடைமுறைக்கு வந்த பொருள்கள் சேவைகள் வரியின்கீழ், இணையச் சந்தைகளின் ஊடாக விற்கும் சிறியோரும் விற்பனைத் தொகை எத்துணைக் குறைவாயினும் பதியவேண்டியிருந்தது. 2023 ஒக்டோபர் முதல் தம் மாநிலத்துக்குள்ளே மட்டும் பொருள் விற்கும் சிறியோருக்கு விலக்கு அளிக்கப்பட்டது. அச்சந்தைகளின் வழி மாநில எல்லையைத் தாண்டி விற்பவருக்கு அவ்விலக்கு இல்லை. ஐக்கிய அமெரிக்காவில், ஒரு மாநிலத்திற் கடை வைத்திராத வணிகரிடமும் அம்மாநிலம் விற்பனை வரி அறவிடும் கடமையைச் சுமத்தலாம் என உச்ச நீதிமன்றம் 2018 இல் தீர்ப்பளித்தது. இலங்கையிலோ மாகாணப் புரள்வு வரி 2011 இல் ஒழிந்தது. ராத்தாவின் தங்கை அனுப்பும் பாய், மன்னாரிலிருந்து மதவாச்சி, அநுராதபுரம் வழியாகப் புத்தளத்தை அடையும்போது மூன்று மாகாணங்களை வரியின்றிக் கடக்கிறது. பொருளுக்கு இல்லாத எல்லை பெயருக்கு மட்டும் இருக்கிறது.

மாகாண எல்லை இயற்கையின் படைப்பும் அன்று. 1833 இல் ஐந்து மாகாணங்கள் வகுக்கப்பட்டபொழுது புத்தளம் மேல் மாகாணத்தைச் சார்ந்திருந்தது. 1845 இலேதான் வடமேல் மாகாணம் உருவாயிற்று. கற்பிட்டியிற் பிறந்த சைமன் காசிச்செட்டி 1834 இல் இலங்கையின் ஊர்ப்பெயர்களைத் தொகுத்து அகராதியாக வெளியிட்ட காலத்தில் வடமேல் மாகாணம் என்ற பெயரே இல்லை. மாகாணங்கள் தோன்றின, மாறின. அவர் பதிந்த ஊர்ப்பெயர்களுட் பல இன்னும் நிலைக்கின்றன.

ஆதலின், மாகாணங்களின் அதிகாரத்தைப் பறிக்கவேண்டும் என்பது என் கருத்தன்று. அருகிலுள்ள செயலகத்திலே தம் மொழியில் விண்ணப்பிக்கும் வாய்ப்புச் சிறியோருக்குப் பெரிய பேறு. ஒன்பது மாகாணங்களின் ஏடுகளையும் ஒன்றாக நோக்கக்கூடிய பொதுப் பெயர்ப்பட்டியும், ஒரு மாகாணத்துச் சான்றிதழைக் காட்டியே மற்றொன்றிற் கிளையைப் பதியும் எளிய வழியும் அமையுமாயின் போதுமானது. இருகரை வாழ்வு இந்நாட்டில் அரியதன்று; போரும் திருமணமும் தொழிலும் பல்லாயிரவரை அவ்வாறு ஆக்கியுள்ளன. அத்தகையோரின் உழைப்பை ஏட்டிலே எழுதும் அரசு, அவர்தம் இரு ஊர்களையும் எழுதுவதற்குச் சிறிது இடம் விடல்வேண்டும்.