மாமாவின் கிற்றாரில் 12 மில்லிமீற்றர் ஓட்டை

திறந்தவெளியில் ஒரு அக்கூஸ்டிக் கிற்றாரோட பாடிப் பார்த்த ஆக்களுக்கு இது தெரிஞ்சிருக்கும். சவுண்ட்ஸ் அண்ணா ஒரு மைக்கைக் கொண்டுவந்து கிற்றாரின்ர வயிற்றுக்கு முன்னால நிறுத்துவார். சத்தத்தைக் கொஞ்சம் கூட்டினால் 'ஊ' என்று ஊளையிடும். குறைச்சால் கிற்றார் இருக்கிறதே தெரியாது. வாசிக்கிறவர் பாட்டில் ஊறி அரை அடி பின்னால சரிஞ்சால் பாதி இசை காணாமல் போகும். ஆகவே சிலை மாதிரி இருந்து வாசிக்க வேணும். இதில் சவுண்ட்ஸ் அண்ணாவைக் குறைசொல்ல ஒன்றுமில்லை. அவரிட்ட இருக்கிற பெட்டிகள் கோயில் திருவிழாவுக்கும் கூட்டங்களுக்கும் வாங்கினவை. ஒரு கிற்றாரும் ஒரு மெல்லிய குரலும் அவற்றின் கணக்கிலேயே இல்லை.

நாங்கள் நாலு பேர். எங்கட பாட்டுகளை நாங்களே எழுதிப் பாடுறம். அதில் ஒன்று, காணாமல் ஆக்கப்பட்ட அண்ணனைத் தேடுற ஒரு தங்கச்சியின் பாட்டு. அதைக் கத்திப் பாட ஏலாது. கத்தினால் அது வேற பாட்டு. கிற்றார் மைக் ஊளையிடாமல் இருக்க எல்லாத்தையும் குறைக்க வேணும், குறைக்கக் குறைக்கச் சொல்லுகள் சனத்திட்டப் போய்ச் சேராது. முன்வரிசையில் இருக்கிற அம்மாமாருக்கே கேக்காட்டில் பிறகென்னத்துக்குப் பாடுறது? அதனால்தான் கிற்றாருக்கு உள்ளேயே பிக்கப் பூட்டுறதென்று முடிவெடுத்தம். அந்த முடிவு லேசு. எந்தக் கிற்றாருக்கு என்றதில்தான் சண்டை.

எங்களிட்ட இருக்கிறதிலேயே வடிவாப் பேசுற கிற்றார், எங்களில் ஒருத்தியின் மாமாவினது. நித்தி கனகரத்தினம், ஏ. ஈ. மனோகரன் ஆக்களின் பொப் அலையில் அள்ளுப்பட்டு, காசு சேர்த்துக் கொழும்பில் வாங்கினவராம். 1984இல் அவர் கனடா போயிட்டார். கிற்றார் அம்மம்மாவின் அலுமாரிக்கு மேல ஏறியது. 1995 ஒக்டோபர் இடப்பெயர்வில் அதைத் தூக்கிக்கொண்டு போக ஒருத்தருக்கும் கை மிச்சம் இருக்கேல்ல. அடுத்த வருசம் திரும்பி வரேக்க தையல் மெசின் இல்லை, கதவு ரெண்டு இல்லை, கிற்றார் மட்டும் கம்பி துருப்பிடிச்சு அப்படியே கிடந்ததாம். இப்படி ஒரு சாமானில் ட்றில் வைக்கிறதென்றால் யாருக்கும் யோசனை வரும்தானே.

"பிக்கப்போடயே ஒரு புதுக் கிற்றார் வாங்குங்கோவன்" என்று நீங்கள் கேக்கலாம். 2022 மார்ச்சுக்கு முன்னம் 200 ரூபாவாக இருந்த டொலர், ரெண்டு மூன்று மாதத்துக்குள் 360ஐத் தொட்டது. 100 டொலர்ச் சாமான் 20,000 ரூபாவில் இருந்து 36,000 ரூபாவாகினது. பிறகு 300 அளவுக்கு இறங்கினாலும், எங்கட பொக்கற் அந்தப் பழைய கணக்குக்குத் திரும்பவேயில்லை.

முதலில் ஓட்டை போடாத வழிகளைத் தேடினம். ஒலித்துவாரத்துக்குக் குறுக்கால பூட்டுற காந்தப் பிக்கப் ஒன்றை ஒரு சினேகிதனிட்ட இரவல் வாங்கினம். அஞ்சு நிமிச வேலை. ஊளை வெகு குறைவு. ஆனால் அது பிடிக்கிறது கம்பியில் இருக்கிற உருக்கு அசையிறதை மட்டும்தான். பலகையில் என்ன நடக்குதென்று அதுக்குக் கவலையில்லை. மாமாவின் கிற்றாரில் பூட்டினாலும், எங்கட பழகுற கிற்றாரில் பூட்டினாலும், கிட்டத்தட்ட ஒரே சத்தம். நாப்பது வருசமாய்க் காய்ஞ்ச பலகை அங்க இல்லவே இல்லை. (நைலோன் கம்பிக் கிற்றார் வச்சிருக்கிற ஆக்கள் இந்தப் பக்கமே போக வேண்டாம். உருக்கில்லாட்டில் அதுக்குக் காது கேக்காது.)

பிறகு பீசோ. புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில், எலெக்றோனிக் சாமான் விக்கிற கடைகளில், 27 மில்லிமீற்றர் பித்தளைத் தகடு ஒன்று கிடைக்கும். பாட்டுப் பாடுற பிறந்தநாள் அட்டைக்குள்ள இருக்கிற அதே மாதிரித் தகடுதான். சில பளிங்குகளை அழுத்தினால் மின்சாரம் பிறக்கும் என்று பியர் கியூரியும் அவரின் தமையன் ஜாக் கியூரியும் 1880இல் கண்டுபிடிச்சவை. வாழ்த்து அட்டையில் மின்சாரம் போய்த் தகட்டை அதிர வைக்குது. கிற்றாரில் பலகை அதிர்ந்து தகட்டில் மின்சாரத்தை எழுப்புது. ஒரே வேலை, மற்றப் பக்கத்தால.

அந்தத் தகட்டை ஒட்டுக்களியால கிற்றாரில் ஒட்டி ஒட்டிப் பார்த்த ரெண்டு பின்னேரங்களை நாங்கள் மறக்க மாட்டம். பிரிட்ஜுக்குப் பின்னால ஒட்டினால் தகரத்தில் மழை பெய்யிற மாதிரி. ரெண்டு அங்குலம் கீழ இறக்கினால் பெட்டிக்குள்ள இருந்து கதைக்கிற மாதிரி ஒரு கும்மென்ற சத்தம். உள்ளுக்குக் கையை விட்டு, பிரிட்ஜுக்கு நேர கீழ இருக்கிற தடிச்ச பலகையில், கனத்த கம்பிகளின் பக்கமா ஒட்டேக்கதான், "ஆ, இது மாமான்ர" என்று ஒருத்தி சொன்னாள். ஒரு பலகைக்குள்ள இவ்வளவு கிற்றார் இருக்கிறதென்று அதுவரைக்கும் எங்களுக்குத் தெரியாது. ஒட்டுற இடம் விலையை விட முக்கியம். இதைக் கடையில் ஒருத்தரும் சொல்ல மாட்டினம்.

கனபேர் போடுறது சடிலுக்குக் கீழ வைக்கிற பீசோ. கம்பிகள் ஏறி நிக்கிற அந்த வெள்ளை எலும்புத்துண்டு இருக்கெல்லோ, அதுக்கு அடியில் மெல்லிய பட்டி ஒன்று. மேடைக்கு அது நல்லது, ஊளையும் குறைவு. ஆனால் சடில் இருக்கிற பள்ளத்தின் அடி கண்ணாடி மாதிரி மட்டமாய் இருக்க வேணும். இல்லாட்டில் ஒரு கம்பி கத்தும், பக்கத்துக் கம்பி முணுமுணுக்கும். பட்டியின் தடிப்பு எவ்வளவோ அவ்வளவுக்குச் சடிலின் அடியைத் தேய்க்கவும் வேணும், இல்லாட்டில் கம்பி உயர்ந்து விரல் நோகும். மாமாவின் கிற்றாரில் பள்ளமே கோணல். அதோட பலமா அடிச்சால் வாத்துக் கத்துற மாதிரி ஒரு சத்தம் இந்த வகைக்கு உண்டு. பக்கவாட்டில் ஒரு சதுரத்தை வெட்டி, பொத்தான்களோட பெட்டி பூட்டுறதை நாங்கள் கதைக்கவேயில்லை. அது கிற்றாருக்கு யன்னல் வைக்கிற வேலை.

இந்தச் சண்டைகளுக்கு நடுவில், "அக்கூஸ்டிக் என்றால் வயர் இல்லாமல் வாசிக்கிறதுதானே, அன்பிளக்ட் மாதிரி" என்று ஒருத்தன் சொன்னான். அவனுக்காக இது. 1993 நவம்பரில் நிர்வாணா நியூயோர்க்கில் செய்த அன்பிளக்ட் நிகழ்ச்சியில் கேர்ட் கோபேன் வாசிச்சது 1959ஆம் ஆண்டு மார்ட்டின் டி-18இ. தொழிற்சாலையிலேயே பிக்கப் பூட்டி வந்த கிற்றார். அது போதாதென்று ஒலித்துவாரத்தில் இன்னொன்றும் பூட்டி, அம்புக்கும் விட்டுத்தான் வாசிச்சவர். 2020இல் அந்தக் கிற்றார் 60 இலட்சம் டொலருக்கு ஏலம் போனது. வாங்கினவர் மைக் செய்யிற கொம்பனி ஒன்றின் முதலாளி!

கடைசியில், பிரிட்ஜுக்குக் கீழ உள்ளுக்கு ஒட்டுற மூன்று தகட்டுப் பிக்கப் ஒன்றுக்குக் காசு சேர்த்தம். சடிலில் கை வைக்கத் தேவையில்லை, கிற்றாருக்குள்ள பற்றரி இல்லை. ஒரேயொரு ஓட்டை. கிற்றாரின் அடியில், தோள்பட்டி கொழுவுற குமிழ் இருக்கிற அதே இடத்தில், ஜக் வாறதுக்கு 12 மில்லிமீற்றர்.

மாமாவுக்கு வட்ஸ்அப்பில் எடுத்தம். கனநேரம் ஒன்றும் கதைக்கேல்ல. பிறகு கேட்டார், "அப்ப அந்தக் குமிழ்?"

"அதைக் கழட்ட வேணும் மாமா."

"அது கருங்காலி. ஒரிஜினல் உடைஞ்சு போய், சிற்றப்பா கடைஞ்சு தந்தவர். எறிஞ்சு போடாதேங்கோ பிள்ளையள்."

ஓட்டையைப் பற்றி அவர் ஒன்றுமே கேக்கேல்ல. அதைச் சம்மதம் என்று எடுத்தம்.

ட்றில் பிடிச்சது தளபாட வேலை செய்யிற ஒரு ஐயா. ஓட்டையைச் சுற்றி ரேப் ஒட்டினார். படிபடியாய்ப் பெருக்கிற அலகு ஒன்றைப் பூட்டி, முதலில் எதிர்ப்பக்கமாய்ச் சுத்த விட்டார், பொலிஷ் சில்லுச் சில்லாய் உடையாமல் இருக்க. பிறகுதான் நேராய். முழுக்க ரெண்டு நிமிசம் வராது. அம்மம்மா குசினிக்குள்ள போனவ, சத்தம் நிக்கும்வரைக்கும் வெளியில வரேல்ல. எங்கட வேலை அதுக்குப் பிறகு. ஒரு சின்னக் கண்ணாடியும் போன் வெளிச்சமும் வச்சுப் பார்த்துப் பார்த்துத் தகடுகளை ஒட்டினம். ஓட்டைக்குள்ளால ஒரு நூலை விட்டு, ஒலித்துவாரத்தால எடுத்து, ஜக்கில் கட்டி, மெல்ல மெல்ல வெளியில இழுத்தம். மெலிஞ்ச கை உள்ளவைக்குத்தான் இந்த வேலை சரிவரும்.

மிக்ஸரில் நேராய்ச் செருகேக்க சத்தம் சப்பென்று இருந்தது. அதுக்குக் காரணம் பிக்கப் இல்லை. பீசோ தாற மின்சாரம் வலு மெல்லிசு. மிக்ஸரின் சாதாரண லைன் வாய் ஏறத்தாழ 10,000 ஓம்தான், அதில் செருகினால் கீழ்ச்சுரங்கள் கரைஞ்சு போகும். 10 இலட்சம் ஓமாவது உள்ள வாய் வேணும். அதுக்குத்தான் நடுவில் பிறீஅம்ப் என்ற சின்னப் பெட்டி. 9 வோல்ற் பற்றரியில் ஓடும். வாசிச்சு முடிய வயரைக் கழட்டி வையுங்கோ. கன பெட்டிகளில் வயர் செருகியிருக்கிற வரைக்கும் பற்றரி தின்னுப்படும்.

ஊளை முழுசாய்ப் போகேல்ல. இந்த வகைப் பிக்கப்புக்கு அது கூட. கிற்றார்ப் பெட்டிக்குள்ள இருக்கிற காற்று 100 ஹேர்ட்ஸ் அளவில் தானாய்ப் பாடும், அந்த இடத்தில்தான் ஸ்பீக்கரும் அதைப் பிடிச்சு உலுக்கும். ஒலித்துவாரத்தை ஒரு றப்பர் மூடியால அடைச்சு, மிக்ஸரில் அந்த இடத்தை மட்டும் கொஞ்சம் வெட்டச் சொன்னம். சவுண்ட்ஸ் அண்ணா, "தம்பி, இதை முன்னமே சொல்லியிருக்கலாமே" என்று சிரிச்சார்.

வெளியில வாறது அறைக்குள்ள கேக்கிற மாமாவின் கிற்றார் இல்லை. அதின்ர நெருங்கின சொந்தம் என்று சொல்லலாம். முகம் தெரியுது, மூச்சுத் தெரியேல்ல. அறைக்குள்ள பதியிறதென்றால் நாங்கள் இப்பவும் மைக்தான் வைக்கிறம்.

போன மாதம் ஒரு நிகழ்வில் அந்தத் தங்கச்சியின் பாட்டைப் பாடினம். வாசிச்சவள் முதல்முறையாய்க் கண்ணை மூடி, ஆடி ஆடி வாசிச்சாள். முடிய ஒரு அம்மா வந்து, மூன்றாவது அடியில் ஒரு சொல்லு பிழை, அந்த ஊரில் அப்படிச் சொல்ல மாட்டினம் என்றா. அவவோட நிண்டு அந்தச் சொல்லை மாத்தி எழுதினம்.

அடுத்தது எங்கட நைலோன் கம்பிக் கிற்றார். அதுக்குச் சடில் பள்ளம் மட்டமாய்த்தான் இருக்கு. பட்டியோ தகடோ என்று திரும்பவும் சண்டை தொடங்கிட்டுது.