பாசிக்குடாவில் முழங்காலளவு தண்ணீர்

எங்கள் மாதர் சங்கத்தில் சுற்றுலாப் பேச்சு வந்ததும் கதிர்காமம், கோணேஸ்வரம் என்று பலரும் சொன்னார்கள். "பாசிக்குடாவுக்குப் போய்க் கடலில குளிப்பம்" என்று சொன்னவள் ஓர் இளம் பெண். கொஞ்ச நேரம் எவரும் பேசவில்லை. எங்களில் பாதிப்பேர் 2004 டிசம்பர் 26க்குப் பிறகு கடலில் கால் வைக்காதவர்கள். நானும் அப்படித்தான்.

நான் பிறந்தது கல்லடியில். கடல்தான் எங்கள் முற்றம். ஆனாலும் குளித்தவர்கள் ஆண்பிள்ளைகள். நாங்கள் மணலில் இருந்து அவர்களுடைய உடுப்புகளுக்குக் காவல் இருந்தோம். நீந்தத் தெரியாது. பெண்பிள்ளைக்கு அது தெரிய வேண்டும் என்று எவரும் நினைக்கவுமில்லை. யுத்த காலத்தில் கரைக்குப் போவதே நின்றுபோனது. பிறகு அந்த ஞாயிற்றுக்கிழமை. போயா தினம். என் தங்கை சேலை உடுத்தியிருந்தாள். காலைச் சுற்றிக்கொண்டதால் ஓட முடியவில்லை. இதற்கு மேல் எழுத எனக்கு ஏலாது.

போன வருடம் ஆனி மாதம் ஒரு சனிக்கிழமை விடியவே பஸ் பிடித்தோம். மட்டக்களப்பிலிருந்து ஏறாவூர், சித்தாண்டி, கிரான் கடந்து வாழைச்சேனை. அங்கிருந்து கடல் பக்கம் திரும்பினால் கல்குடாவும் பாசிக்குடாவும். எல்லாமாக 35 கிலோமீற்றர் வரும். புகையிரதத்தில் போகிறவர்கள் கல்குடாவிலேயே இறங்கலாம்.

யுத்தத்தில் பாழடைந்து கிடந்த இடத்தில் 2009க்குப் பிறகு பெரிய ஹோட்டல்கள் எழும்பியிருக்கின்றன. அந்த மதில்களைப் பார்த்து, நமக்கு இங்கே என்ன வேலை என்று தயங்கிவிடாதீர்கள். பொதுமக்களுக்கான கரை இருக்கிறது. குடா வளைந்து கிடக்கிறது, வெளியே முருகைக் கற்பாறை அலையைத் தடுக்கிறது. அதனால் கரையிலிருந்து நெடுந்தூரம் நடந்தாலும் தண்ணீர் இடுப்பளவுதான்.

கூட வந்தவர்களில் ஒருத்தியின் மாமா கரைவலை இழுப்பவர். எங்களைக் கரையில் இருத்தி வைத்து அவர் சொன்னவை இன்னும் காதில் நிற்கின்றன.

"இந்தக் குடாவ நம்பிக் கல்லடியில இறங்கிராதீங்க. அது திறந்த கடல். அலை உடையிற இடத்துக்கு நடுவில ஒரு துண்டு மட்டும் அலையில்லாமல் அமைதியாக் கிடக்கும். நுரையும் குப்பையும் வெளியே போகும். பார்க்க நல்ல இடம் மாதிரி இருக்கும். அதுதான் இழுவை."

அந்த இழுவை ஆளைக் கீழே இழுப்பதில்லை, வெளியேதான் கொண்டுபோகுமாம். கரையை நோக்கி அடித்து நீந்தினால் பலம் போய்விடும். கரைக்குச் சமாந்தரமாக, பக்கவாட்டில் போக வேண்டும். ஒடுக்கமான அந்த ஓட்டத்தை விட்டு விலகியதும் அலையே கரைக்குத் தள்ளிவிடும். நீந்தத் தெரியாதவள் மல்லாந்து மிதந்து, கையை உயர்த்தி உதவி கேட்க வேண்டும். ஒருவர் தத்தளித்தால் நாமும் பின்னால் குதிக்கக் கூடாது. மூடி இறுக்கிய வெறும் தண்ணீர்க் கலன் ஒன்றை எறிந்தாலே அவர் பிடித்து மிதப்பார். நாங்கள் கொண்டுபோன ஐந்து லீற்றர்க் கலனை அவர் அப்போதே வெறுமையாக்கிக் கையில் வைத்துக்கொண்டார். குடிக்க வைத்திருந்த தண்ணீர் அது, சிலருக்குக் கோபம்தான்!

மாதமும் முக்கியம். எங்கள் கிழக்குக் கரை சித்திரை தொடங்கிப் புரட்டாதி மட்டும் அமைதி. கார்த்திகை, மார்கழியில் வாடைக்காற்று அடிக்கும்போது பாசிக்குடாவையும் நம்ப முடியாது. தெற்கு, மேற்குக் கரைகளில் இது தலைகீழ். எங்கேயானாலும் உயிர்காப்பாளர் நிற்கும் பக்கமாகக் குளியுங்கள். சிவப்புக் கொடி கண்டால் இறங்க வேண்டாம். நிலம் அதிர்ந்தாலோ, கடல் திடீரென்று உள்வாங்கினாலோ வேடிக்கை பார்க்காமல் உயரமான இடத்துக்கு ஓட வேண்டும் என்பதை நமக்கு எவரும் சொல்லித்தரத் தேவையில்லை. 2012 ஏப்ரலில் எச்சரிக்கை வந்தபோது நாங்கள் ஓடினோம்தானே.

சேலையோடு எவரும் இறங்கக் கூடாது என்பது எங்கள் சொந்த விதி. பஞ்சாபியும் காற்சட்டையும் போட்டோம், துப்பட்டாவைக் கழற்றி வைத்தோம். அறுபது வயதில் காற்சட்டையா என்று சிரித்தவர்கள், மற்றவர்கள் இறங்கியதும் இரவல் கேட்டார்கள்.

நான் மட்டும் கரையில் நின்றேன். பேத்தி வந்து கையைப் பிடித்தாள். "வாங்களன் அம்மம்மா, முழங்கால் மட்டும்."

முதலில் கணுக்கால். தண்ணீர் இளஞ்சூடாக இருந்தது. முழங்காலளவு வந்ததும் நடுக்கம் பிடித்தது. நின்றுவிட்டேன். அவள் இழுக்கவில்லை, பேசாமல் பக்கத்தில் நின்றாள். எவ்வளவு நேரம் என்று தெரியாது. பிறகு நானாகவே மெதுவாக அந்த மணலில் இருந்துவிட்டேன். கழுத்துவரை கடல். வாயில் உப்புக் கரித்தது. அழுதேனா, தண்ணீர் தெறித்ததா என்று பேத்தி கேட்கவில்லை.

பஸ் சாரதி ஹோர்ன் அடிக்கும்வரை எழும்பவில்லை. ஆசனமெல்லாம் நனைகிறது என்று அவர் வாழைச்சேனை வரைக்கும் ஏசிக்கொண்டே வந்தார்.